எனக்காக வாங்கிய கார்

எனக்காக வாங்கிய கார் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுடையது பனியன் கம்பெனி. செக்கிங் டேபிளில் வருடக்கணக்கில் குனிந்து நின்று எனக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. குலுங்கவே கூடாது என்றார் கோயம்புத்தூர் டாக்டர். அதைச் சாக்காக வைத்து, தான் ரொம்ப நாளாக ஆசைப்பட்ட சொகுசு கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்துவிட்டார். நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் இருக்கிறதாம். பம்ப் ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்குமாம். பள்ளம் மேடு எதுவும் உள்ளே தெரியாதாம். வாய் கிழியப் பேசினார். பொய் சொல்லக் கூடாது, முதலில் கொஞ்ச நாள் தண்ணீரில் மிதப்பதுபோலத்தான் போனது.

பிறகு காலையில் எழுந்து பார்த்தால் முன்பக்கம் ஒரு மூலை தரையோடு உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் மெல்ல எழும். கோயம்புத்தூர் மெக்கானிக் வந்து பார்த்தார். ஆயில் கசிகிறது, குழாய் மாற்ற வேண்டும், அதிர்வைத் தாங்கும் கேஸ் உருண்டைகளும் செத்துவிட்டன, இதற்கென்று இருக்கிற ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

“அவன் அப்படித்தான் சொல்லுவான்” என்றார் இவர். மறுநாளே நிட்டிங் மெஷினுக்கு ஊற்றும் ஆயிலை ஒரு கேனில் கொண்டுவந்து காரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அது துணி ஓட்டற மெஷினுக்கு ஊத்தறதுங்க.”

“ஆயில்னா ஆயில்தான் புள்ள. இது நல்ல ஆயிலு. துணியில பட்டாக்கூடக் கறை நிக்காது.”

காருக்குள் எந்தப் பனியனை ஓட்டப்போகிறாராம்? தலையில் அடித்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் முதுகு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இவரிடம்தான் சொன்னார். தையல் பச்சையாக இருக்கிறது, ஒரு குலுக்கல் பட்டாலும் கால் விளங்காமல் போய்விடலாம், ஆம்புலன்ஸில் கூட்டிப்போங்கள் என்றார்.

“எங்க கார்ல குலுக்கலே தெரியாதுங்க டாக்டர்” என்று பீற்றினார் இந்த மனுஷன்.

அவிநாசி ரோட்டில் சோமனூர் பிரிவைக்கூடத் தாண்டவில்லை. ஸ்டீயரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, காரின் முன்பக்கம் பொத்தென்று இறங்கியது. அதற்குப் பிறகு ரோட்டில் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு மேடும் நேராக என் தையலில் வந்து இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். கடைசியில் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

ஓரம் கட்டிவிட்டு இறங்கினார். வெளியிலிருந்து அவர் குரல் கேட்டது.

“ரொம்ப அடிபட்டிருச்சா?”

“தாங்கலீங்க. எடது கால் மரத்துப்போச்சுங்க.”

“உன்னைய இல்ல புள்ள. அடியில என்னமோ தட்டுச்சே, அதைச் சொன்னேன்.”

தலையைத் திருப்பிப் பார்த்தேன். முட்டி போட்டுச் சக்கரத்துக்குள் குனிந்திருந்தார். இத்தனை வருடம் இந்த ஆளுக்கா சோறு போட்டேன் என்று இருந்தது.

போனை எடுத்து, கம்பெனியில் துணி ஏற்றுகிற குட்டியானை வண்டியின் டிரைவரைக் கூப்பிட்டேன். வயதானவர், நிதானமாக ஓட்டுவார்.

“சாயம் போட டையிங்குக்குப் போற துணி வண்டி நெறையக் கெடக்குதுங்க அம்மணி. எறக்கிப்போட்டு ஓடியாந்தர்றனுங்க.”

“எறக்காதீங்ணா. அப்படியே வாங்க.”

வந்தார். துணி உருளைகளைப் பிரித்து மெத்தைபோலப் பரப்பி, பக்கத்துக் கடை ஆட்கள் இருவரோடு சேர்ந்து சீட் விரிப்போடு என்னைத் தூக்கிப் படுக்கவைத்தார். துணியில் அதே மெஷின் ஆயில் வாசம் அடித்தது. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் அதுவும் நல்ல ஆயில்தான்.

போனில் பேசிக்கொண்டிருந்த இவர் அப்போதுதான் ஓடிவந்தார். “லோடு வண்டியில போனா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? காரைத் தூக்கற வண்டி வந்துரும். அதுவரைக்கும் பொறுத்துக்க.”

“நீங்களும் ஏறி வாங்க. என் காலைப் புடிச்சுக்கங்க.”

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார்.

“போலாமுங்ணா” என்றேன் டிரைவரிடம்.