மூடி வைத்த நல்ல கண்

என் மகளுக்குப் பிறவியிலேயே இடது கண்ணில் புரை. கைக்குழந்தையாக இருந்தபோதே ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். அந்தக் கண் பார்த்துப் பழக, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பிளாஸ்திரி ஒட்டி மூடச் சொன்னார் டாக்டர். காலையில் ஒட்டிவிட்டு, குழந்தையை நாத்தனாரிடம் விட்டு, திருநின்றவூரில் ரயிலேறி அம்பத்தூருக்கு வேலைக்குப் போவேன்.

சில மாதம் கழித்துப் பார்த்த டாக்டர், "இந்தக் கண்ணு பழகவே இல்லையேம்மா, ஒழுங்கா ஒட்டுறீங்களா?" என்றார்.

வீட்டில் கேட்டேன். "நீ போனதும் நான்தான் பிச்சிடுவேன். புள்ள தடவிகினு அழுவுது. நல்லா கீற கண்ண மூடி வெச்சா எந்த மனசு தாங்கும்?" என்றார் நாத்தனார்.

வேலையை விட்டுவிட்டேன். மகள் இப்போது நடக்கிறாள். நானே ஒட்டிவிட்டு, எதிரே நின்று கை நீட்டுகிறேன். கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் குரலை வைத்தே வந்துவிடுகிறாள்.