அடுப்படி ஸ்பீக்கர்

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் எடை போடும் சென்னப்பனுக்கு ஊரில் நல்ல பெயர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. பாட்டு ஒன்றுதான் பைத்தியம். மகள் அன்பரசியை ஓசூரில் கட்டிக்கொடுத்த கையோடு தருமபுரிக்குப் போய் ஒரு சின்ன ஸ்டீரியோ செட் வாங்கி வந்துவிட்டார். நடுவில் ஒரு பெட்டி, அதற்கு ரெண்டு ஸ்பீக்கர், பென்டிரைவ் சொருக ஒரு ஓட்டை. வாடகை வீடோ ஒரே ரூம். கட்டிலும் பீரோவும் போக மிஞ்சிய இடத்தில் ரெண்டு ஸ்பீக்கரையும் வைத்தால் மனுஷன் காலை எங்கே நீட்டுவது?

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. ஒரு ஸ்பீக்கரைக் கட்டில் தலைமாட்டில் வைத்தார். இன்னொன்றுக்கு நீளமாக ஒயர் வாங்கி, ஜன்னல் வழியாக இழுத்து, வாசலுக்கு அந்தப் பக்கம் தகரம் போட்ட அடுப்படியில் மாட்டினார். அமுதவல்லியும் சமைத்துக்கொண்டே கேட்கட்டுமே! பெண்டாட்டிக்கு இவ்வளவு செய்கிற புருஷன் அந்தத் தெருவிலேயே இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. அவளுக்கும் சந்தோஷந்தான். தாளிக்கும்போதும் பாத்திரம் விளக்கும்போதும் கூடவே முணுமுணுப்பாள். பாட்டு ஓடும் நேரமெல்லாம் அவளுக்கு அடுப்படியில்தான் வேலை.

ஒரு பழைய டூயட் ரெண்டு பேருக்குமே உயிர். ஆனால் அதை அமுதவல்லி பாடும் விதம் வேடிக்கையாக இருக்கும். ஆண் பாடும் வரியைப் பாடுவாள். பெண் பதில் சொல்லும் இடம் வந்தால் கப்சிப்.

மாரியம்மன் பண்டிகைக்குத் தங்கையும் மச்சானும் வந்திருந்த அன்று, சாப்பாட்டுக்கு நடுவே சென்னப்பன் அதைக் கேட்டேவிட்டார்.

"பாவங்க அந்த ஆளு" என்றாள் அமுதவல்லி. "கூப்டுக்கிட்டே இருக்கான். ஒருத்தியும் பதிலு சொல்ல மாட்டேங்குறா."

"அடியே, அது டூயட்டு! பொம்பள குரலு உனக்குக் கேக்கலயா? காதுல என்ன பஞ்சா வெச்சிருக்க?"

"இல்லீங்க, நெசமாலுமே பொம்பள பாடலீங்க."

மச்சானுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. சென்னப்பன் அதோடு விட்டாரா? கல்யாணம், காதுகுத்து, எந்த வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் இந்தக் கதையைத்தான் பரிமாறினார். அடுப்படியில் முணுமுணுப்பு நின்றுபோனது. அது நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவர்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாரே.

அன்பரசியின் ரெண்டாவது பிரசவத்துக்கு அமுதவல்லி ஓசூர் போனாள். சென்னப்பன் முதல்முறையாகத் தானே ரசம் வைக்க அடுப்படிக்குள் நுழைந்தார். துணைக்கு அந்த டூயட்டைப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆண் பாடினான். பிறகு வெறும் தபேலா. ஆண் மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் தபேலாதான். செட்டு ரிப்பேரோ என்று ரூமுக்கு ஓடினார். அங்கே தலைமாட்டு ஸ்பீக்கரில் அந்தப் பெண் குழைந்து குழைந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டைப் பதிந்தவர்கள் ஆண் குரலை ரெண்டு ஸ்பீக்கருக்கும் விட்டு, பெண் குரலை ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் வைத்திருந்தார்கள். முழுப் பாட்டையும் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு, பாதிப் பாட்டை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, அவளைப் போய்ச் செவிடு என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ரசம் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

அமுதவல்லி திரும்பி வருவதற்குள் ரெண்டு ஸ்பீக்கரையும் ரூமுக்குள் கொண்டுவந்து, கட்டிலின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வைத்தார். பையைக்கூட இறக்கவிடாமல் அவளை நடுவில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார். பெண் குரல் வந்ததும் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கடைசிவரை அசையாமல் கேட்டாள்.

"நீ சொன்னதுதான் சரி, அமுதா. தப்பெல்லாம் என்மேலதான். புத்திகெட்டுப் போயிட்டேன்."

"இம்புட்டு நாளும் இவ இந்த ரூமுக்குள்ளயேதான் பாடிக்கிட்டு இருந்தாளா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது. "சரிங்க, உலை வெக்கணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

சென்னப்பன் செட்டை அணைத்தார். ஜன்னலோரம் போய் நின்று, அடுப்படியைப் பார்த்து, அந்த ஆணின் முதல் வரியைத் தன் கரகரத்த குரலில் தானே பாடினார். பாடிவிட்டுக் காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடி பாடினார்.

அடுப்படியில் அவள் அரிசி களையும் சத்தம் மட்டும் கேட்டது.