மீன் காயும் தார் ரோடு

ஜெகதாப்பட்டினத்தில், எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நிற்கிறது. இறங்குகிறேன். கடற்கரை ஊர் முன்னேறுகிறதாம். புது ஐஸ் கம்பெனிக்கு லாரி போவதற்காக, மீன் காயப்போடும் மணலின் மேலேயே தார் ரோடு போட்டிருக்கிறார்கள். ஒரு அம்மாள் அந்த ரோட்டோரத்திலேயே நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு பாய் அளவு இடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது.

“அங்க ஏன் போடலை?”

“லாரி அடிச்சு எம் மருமக விழுந்த எடங்க அது. அங்க காஞ்ச மீன யாரு திங்கிறது?”

“வேற பக்கம் காயப்போடக் கூடாதா?”

“மணலு எங்கிட்டுங்க இருக்கு?”

ஏறிக்கொள்கிறேன். பஸ் கிளம்பும்போது எதிரே ஐஸ் லாரி வருகிறது. எங்கள் டிரைவர் நல்ல மனுஷர். மீன் மேல் ஏறிவிடாமல், காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில் சக்கரத்தை ஏற்றி வழி விடுகிறார்.