வெளியே பூட்டிய வீடு

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தவன் நான். அரசு ஆபீஸில் அத்தனை வருஷம் சும்மா இருந்ததற்குப் பரிகாரம் என்பாள் என் மனைவி.

எங்கள் மாதா கோயிலில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலைந்து பேர் ஸ்கூட்டரில் கிளம்பி, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போவோம். முறை வைத்து ஒருவர் கட்டில் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுக்க வேண்டும். செல்போனை எடுக்கக் கூடாது. இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். கிளம்பும்போது நோயாளிகள் எல்லாரும் கேட்பார்கள்: “அடுத்த வாரமும் வருவீங்களா?” அதைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

மழைக்காலத்தில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்தாள். ஒரே மகள் பிரான்சில். கொஞ்ச நாள் கூடவே இருந்தேன். பிறகு குழுவில் கூப்பிட்டார்கள். கடையில் இட்லி வாங்கி, மாத்திரையோடு கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, டிவியைப் போட்டுவிட்டு, “வெளிய பூட்டிட்டுப் போறேன், சீக்கிரம் வந்துடறேன்” என்பேன். எழுந்து வந்து தாழ்ப்பாள் போட அவளால் முடியாதே. மகள் போனில் கோபித்தபோது, “ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா...” என்று ஆரம்பித்தேன். “நான் என்ன பிள்ளையா, தானா வளர?” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. நான் சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று பார்க்கவில்லை.

போன ஞாயிறு, எல்லா வீடும் முடிந்ததும் எங்கள் குழுத் தலைவி, ரிட்டயர்டு நர்ஸம்மா, “இன்னொரு வீடு இருக்கு. அவங்களே போன் பண்ணி வரச் சொன்னாங்க” என்றார். வண்டிகள் லாஸ்பேட்டைக்குத் திரும்பின. என் தெரு. என் வாசல்.

கதவில் பூட்டு தொங்கியது. “ஆள் இல்ல போலிருக்கே” என்றார் ஒருவர்.

“உள்ளதான் இருக்கா” என்று சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தேன். பூட்டு அன்றைக்கென்று அடம்பிடித்தது. அத்தனை கண்ணும் என் முதுகில் இருந்தன. கூனிக் குறுகிப் போனேன்.

அவள் தலைவாரி, பவுடர் போட்டுக் காத்திருந்தாள். கட்டில் பக்கம் நாற்காலி இல்லை. இத்தனை நாளில் ஒன்று கொண்டுவந்து போட எனக்குத் தோன்றியதே இல்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்து இழுத்து வந்தேன்.

“இன்னிக்கு உங்க முறைதான்” என்றார் நர்ஸம்மா. கேலி இல்லை, நிஜமாகவே என் முறை.

உட்கார்ந்து கையைப் பிடித்தேன். விரல் மெலிந்து, மோதிரம் கழலாமலிருக்க நூல் சுற்றியிருந்தாள். எப்போது சுற்றினாள் என்று எனக்குத் தெரியாது. “சாப்டீங்களாம்மா?” என்று வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“ஒரு இட்லி சாப்டேங்க. ஆறிப்போச்சு” என்றாள். பிறகு, “யாராவது வந்து பெல் அடிச்சாலும், பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பிடறாங்க. நான் உள்ளேருந்து கூப்பிடறது கேக்கறதில்ல” என்றாள்.

ஆறிய இட்லி அவளுக்கு இறங்காது என்பது கல்யாணமான புதிதிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். நூல் சுற்றிய மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் விடைபெற எழுந்தார்கள். “மெர்சி” என்று எங்கள் ஊர் பிரெஞ்சு வழக்கத்தில் அவள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். பழக்கதோஷத்தில் நானும் அவர்களோடு எழுந்தேன். அவள் என் கையை விடவில்லை.

“அடுத்த வாரமும் வருவீங்களா?” என்று கேட்டாள்.