சாராவின் ஞாயிற்றுக்கிழமை எடை

20.6.2015 – சந்தையில் கோழிக்குஞ்சு ஒன்று – ரூ. 35.00
11.2.2023 – கம்பு ஐந்து கிலோ – ரூ. 200.00
1.3.2023 – இன்லேண்டு லெட்டர் ஒன்று – ரூ. 2.50
12.12.2023 – குடற்புழு மருந்து – ரூ. 60.00
23.1.2024 – கண் சொட்டு மருந்து – ரூ. 45.00
16.4.2024 – முஸ்தபா கடை – ரூ. 0.00
6.5.2024 – தபால் உறை ஒன்று – ரூ. 5.00

லட்சுமணசாமியின் கணக்கு நோட்டில் இருக்கும் இந்த ஏழு வரிகளில் முதல் வரி மட்டும் பக்கத்து வீட்டுக்காரி சொல்லக் கேட்டு எழுதியது. மற்ற ஆறும் அவரே போய், அவரே கொடுத்து, வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றும் முன்பே எழுதியவை.

அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு நூற்பாலையின் சோதனை அறையில் வேலை பார்த்தவர். நூலை எடை போடுவார், முறுக்கை எண்ணுவார், எண்ணியதை எண்ணியபடி எழுதுவார். குறைந்தால் குறைந்தது என்றுதான் எழுதுவார். மேனேஜரே பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினாலும் அந்த எண் மாறாது. அதனால் ஆலையில் அவருக்கு மரியாதை இருந்தது, நண்பர்கள் இல்லை. ஓய்வு பெற்ற மறு வருஷம், 2009இல், மனைவி கோமளாவும் இறந்துபோனாள். பிள்ளைகள் கிடையாது. சூலூரில் ஒரு தறிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஐந்தாம் எண்ணில் தனியாக இருந்தார்.

ஆறாம் எண்ணில் அற்புதம் இருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். இரண்டு வீட்டுக்கும் புழக்கடை ஒன்றுதான். வயதாக ஆக அவளுக்குக் காது மந்தமாகி, பிறகு ஒரேயடியாகக் கேட்காமல் போயிற்று. அதன்பின் லட்சுமணசாமி சொல்ல வேண்டியதை ஆலையிலிருந்து கொண்டு வந்த பழைய சோதனை அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதி நீட்டுவார். அவள் வாயால் பதில் சொல்வாள். தறிச் சத்தத்தையும் மீறி நாலு வீட்டுக்குக் கேட்கும்.

'உப்பு இருக்கிறதா?' என்று ஒருநாள் எழுதி நீட்டினார்.

"உப்புத்தானுங்கண்ணா வேணும்? அதுக்கு என்னமோ கோர்ட்டு நோட்டீசாட்டம் நீட்டறீங்களே!"

அந்தப் புழக்கடையில்தான் அவள் வாங்கிய குஞ்சு வளர்ந்தது. மற்ற கோழிகள் ஆறேழு மாதத்தில் முட்டையிடும். இது பதினைந்து மாதம் சும்மாவே மேய்ந்தது. எல்லோரும் கைவிட்ட பிறகு ஒருநாள் அரிசிச் சாக்கின் மேல் முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டியது. கிழவயதில் பிள்ளை பெற்ற வேதாகமத்துச் சாராவின் பெயரை அற்புதம் அதற்கு வைத்தாள்.

2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை. அற்புதத்தின் அண்ணன் மகன் சைமன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். பாளையங்கோட்டைப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. புறப்படும்போது சாராவைத் தூக்கி லட்சுமணசாமியின் கையில் கொடுத்தாள்.

"மாசம் ஒருக்கா இவளப் பத்தி லெட்டர் போடுங்கண்ணா. எடை எவ்வளவு, தீனி எவ்வளவுன்னு உங்க பாணியிலேயே எழுதுங்க, கதையெல்லாம் வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேன். கண்ணு தெரியாம, காலு நடக்காம இழுத்துக்கிட்டுக் கெடந்தா பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. கறிக்கடை முஸ்தபாகிட்டக் குடுத்து முடிச்சுப்போடுங்க. அப்படிக் கெடந்தவங்கள ஆஸ்பத்திரியில எத்தனை பேர நான் பாத்துப்போட்டேன்."

அவர் ஓர் அட்டையில் 'சரி' என்று எழுதிக் கொடுத்தார். அவள் அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான்.

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு, தீனிக்கு முன்னால், சாராவை எடை போட்டார். முதல் தேதிதோறும் இன்லேண்டு லெட்டரில் கட்டம் போட்டு எழுதினார்: எடை, தீனி, முட்டை, இறகு, கண், கால். ஆறு வரி. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ பதில் வந்துவிடும். 'இங்கே சாம்பாரில் பருப்பைத் தேடணும். சாராவுக்குக் கம்போடு கொஞ்சம் கீரை வையுங்கள்' என்று நாலைந்து வரிதான் இருக்கும். அவர் பெயருக்கு வரும் தபால் அது ஒன்றுதான். நாலு வரியை நாற்பது தரம் படிப்பார். சாரா இல்லாமல் போனால் கட்டம் போட எதுவும் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். கட்டம் போடாமல் ஒரு பெண்பிள்ளைக்குக் கடிதம் எழுத அவருக்கு வராது. கோமளாவுக்கே அவர் எழுதியதில்லை.

2023 நவம்பரில் எடை இறங்கத் தொடங்கியது. ஐந்தாம் தேதி 1,640 கிராம். இருபத்தாறாம் தேதி 1,585. புழு இருக்கும் என்று மருந்து கொடுத்தார். டிசம்பர் கடைசி ஞாயிறு 1,490. தீனி வைக்கிற அளவு மாறவில்லை. பின்னே எடை எங்கே போகிறது?

போகியன்று வழக்கம்போலப் புழக்கடையைக் கழுவிச் சுத்தம் செய்தார். தண்ணீர்ச் சட்டியை வெயில் படாத மூலைக்கு மாற்றினார். துவைக்கிற கல்லை ஓரமாக நகர்த்தினார். தீனித் தட்டைத் தேய்த்துக் கழுவி மேட்டில் வைத்தார். சாரா அன்றும் மறுநாளும் ஒன்றும் தின்னவில்லை. கல் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, சுவரில் மோதி, கடைசியில் மூலையில் போய் நின்றுவிட்டது. பொங்கலுக்கு வைத்த சோற்றுப் பருக்கையை முன்னால் போட்டும் குனியவில்லை.

மூன்றாம் நாள் அவர் தரையில் உட்கார்ந்தார். இருபது கம்பு மணியை எண்ணி அதன் காலடியில் போட்டார். சாரா முப்பத்தொரு தரம் கொத்தியது. ஒன்பது மணிதான் வாய்க்குப் போயிற்று. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு கண்ணும் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தன. இத்தனை நாளும் அது கண்ணால் நடக்கவில்லை, பழக்கத்தால் நடந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தைத்தான் அவர் கழுவி ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு நகர்த்தினார். கல்லின் பழைய தடம் தரையில் இருந்தது. சட்டி இருந்த இடத்துக்குத் தடம் இல்லை. சாராவைக் கீழே விட்டு, அது எங்கே போய் நின்று அலகை நீட்டுகிறதோ அங்கே சட்டியை வைத்தார். பிறகு சாக்பீஸால் ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட்டார்.

அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகும் வழியில்தான் முஸ்தபாவின் கறிக்கடை.

"ஏனுங்க ஐயா, நம்ம கடை முன்னாலயே கோழியக் கக்கத்துல இடுக்கிட்டுப் போறீங்களே! உள்ள இருக்கறதெல்லாம் ஏங்குதுங்க, நமக்கும் இப்படி ஒரு ஐயா கெடைக்கலையேன்னு."

"கண்ணு காட்டப் போறேனுங்க."

"கண்ணாடி போட்டா எங்கிட்டயும் காட்டிப்போட்டுப் போங்க."

மருந்தகத்தில் சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"வயசு எத்தனைங்கய்யா?"

"வாங்குன நாள்ல இருந்து எட்டு வருசம், ஏழு மாசம், மூணு நாளுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எங்கூட்டுக்காரருக்கு என்னோட பொறந்த நாளே ஞாபகம் இருக்காதுங்க." சிரித்தவள், அவர் சிரிக்காததைக் கண்டு குரலை இறக்கினாள். "புரைங்க. வயசானா வர்றதுதான். சொட்டு மருந்து எழுதறேன், ஆனா பார்வை திரும்பாதுங்க. நீங்க பாத்துக்கற வரைக்கும் அது இருக்கும்."

பிப்ரவரி முதல் தேதி இன்லேண்டு லெட்டரை விரித்தார். எடை எழுதினார். தீனி எழுதினார். முட்டை இல்லை. இறகு நன்று. அடுத்து 'கண்' என்று எழுத வேண்டும். எழுதினால் அற்புதம் என்ன பதில் போடுவாள் என்பது அவருக்குத் தெரியும். அந்த அட்டை அவளிடம்தானே இருக்கிறது. பேனாவைக் கீழே வைத்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு 'கால் – நன்று' என்று எழுதி ஒட்டினார். ஆறு வரி ஐந்தாயிற்று. பொய் ஒன்றும் எழுதவில்லை. சோதிக்காத நூலைச் சோதித்ததாக எழுதுகிறவனைவிட, சோதித்ததை எழுதாமல் விடுகிறவன் மோசம் என்று ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவரே சொன்னதுண்டு. மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஐந்து வரிதான் போயிற்று. பதில்கள் வழக்கம்போல வந்தன. கண்ணைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு நிம்மதியாக இல்லை.

ஏப்ரல் வெயிலில் சாரா தட்டுக்குப் போவதையும் விட்டுவிட்டது. உள்ளங்கையில் வைத்து ஊட்டினால் நாலு மணி தின்னும். பதினான்காம் தேதி 1,310 கிராம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டிக்குள் தூக்கி வைத்தால், வைத்த இடத்திலேயே காலைவரை இருக்கும். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி வைத்திருப்பது சாராவுக்காகவா, தனக்காகவா என்று கேட்டுப் பார்த்தார். கணக்கு அவர் பக்கம் நிற்கவில்லை.

ஏப்ரல் பதினாறு காலையில் சாராவை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு முஸ்தபா கடைக்குப் போனார். முஸ்தபா இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. முகத்தைப் பார்த்ததுமே கத்தியைத் துணியால் மூடிவிட்டான்.

"குடுக்கோணும்னு வந்துட்டீங்களாங்க ஐயா?"

"அந்தம்மாவுக்கு எழுதிக் குடுத்துட்டேனுங்க."

"சரிங்க. காசெல்லாம் வேண்டாமுங்க. பசியோட, தாகத்தோட இருக்கறத நான் தொடமாட்டேனுங்க. மொதல்ல கொஞ்சம் தண்ணியும் தீனியும் காட்டிப்போடறேன். நீங்க அதுவரைக்கும் அங்கிட்டு உக்காருங்க."

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தான். மக்காச்சோளக் குருணை இருந்த தகர டப்பாவை எடுத்து, தினமும் கூண்டுக் கோழிகளுக்குச் செய்கிற வழக்கத்தில், மூடியால் டப்பாவை டக் டக் டக்கென்று தட்டினான். கூண்டுகளில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. துண்டுக்குள்ளிருந்து சாராவின் கழுத்தும் எழுந்தது. துண்டை விலக்கிக் கீழே விட்டதும், தகரத் தட்டில் குருணை சிதறிய சத்தம் எந்தப் பக்கம் கேட்டதோ அந்தப் பக்கம் சரியாகப் போய்க் கொத்தியது. மறுபடி கொத்தியது.

முஸ்தபா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கோழி தின்று முடித்தபாடில்லை. இன்னொரு பிடி தட்டிப் போட்டான். அதையும் தின்றது. வாடிக்கையாளர் இருவர் வந்து நின்றார்கள்.

"இருங்க, சாப்பிட்டுட்டு இருக்குது" என்றான் அவர்களிடம்.

லட்சுமணசாமி எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்று கொத்து, முப்பத்தெட்டு தவறவில்லை.

"ஏனுங்க ஐயா," என்றான் முஸ்தபா கடைசியில், "போனது கண்ணு மட்டுந்தானுங்க. காது கத்தியாட்டம் இருக்குது. இது இன்னைக்குச் சாப்பாட்ட முடிக்காதுங்க, எனக்கு யாவாரம் கெடக்குது. கூட்டிட்டுப் போங்க. போறப்ப இந்த டப்பாவையும் எடுத்துக்குங்க."

அதன்பின் வேளைக்கு டப்பாவில் மூன்று தட்டு. இருபத்தொன்றாம் தேதி 1,325. இருபத்தெட்டு 1,360. மே ஐந்து 1,410. அன்று ராத்திரி சோற்றைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்து எழுதினார். முதல் தேதி போயிருக்க வேண்டிய கடிதம், ஐந்து நாள் தாமதம். விடுபட்ட மூன்று மாதத்துக்கும் சேர்த்து எழுதினார்: 'கண் – இரண்டிலும் புரை. பார்வை இல்லை. 16.1.2024 முதல் எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டது என் தவறு. 16.4.2024 அன்று தாங்கள் சொன்னபடி முஸ்தபாவிடம் எடுத்துச் சென்றேன். திரும்பக் கொண்டு வந்துவிட்டேன். கொடுக்க எனக்கு மனமில்லை. தாங்கள் கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறேன்.' இன்லேண்டு போதாமல் உறையில் வைத்து, மறுநாள் தானே தபாலாபீசுக்குக் கொண்டு போய்ப் போட்டார்.

ஒன்பதாம் நாள் பதில் இல்லை. பத்தாம் நாளும் இல்லை. தபால்காரர் லைன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். முப்பது நாள் ஆயிற்று. நாற்பது ஆயிற்று. ஜூன் முதல் தேதிக் கடிதத்தை அவர் எழுதவில்லை. பதில் வராமல் மேலே எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்தார். டப்பாவைத் தட்டினால் ஓடி வரும் சாராவைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் இது அவளுடைய கோழிதானே என்று தனக்குள் சொல்லிக்கொள்வார்.

ஐம்பத்தோராம் நாள் பதில் வந்தது. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

'அண்ணா, நீங்க கண்ணப் பத்தி எழுதாம விட்ட பிப்ரவரியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க ஒரு வரிய விடற ஆளா? கேட்டா நீங்க சொல்லிப்போடுவீங்க, அப்பறம் நான் குடுக்கச் சொல்லோணும். அதனால கேக்கல. எனக்கும் ஒரு கண்ணு மார்கழியிலயே போச்சு. இன்னொண்ணும் போய்க்கிட்டே இருக்குது. ஆபரேசன் ஆகாதுன்னுட்டாங்க. இத எழுத எனக்கு ஏழு நாளாச்சு. அன்னைக்குப் பொறப்படறப்ப நான் பேசுனதெல்லாம் கண்ணு நல்லா இருந்தவ பேச்சு. சாராவக் குடுக்காதீங்க. இனி என்னால எழுத முடியாது. சிஸ்டர் படிச்சுச் சொன்னாலும் காது கேக்காது. ஆனா நீங்க போடறத நிறுத்திப்போடாதீங்க. கையில குடுத்தாங்கன்னா அது உங்க லெட்டருன்னு எனக்குத் தெரியும். வேற யாரு எனக்குப் போடறா?'

ஜூலை முதல் தேதி லட்சுமணசாமி கட்டம் போட்டு ஆறு வரியும் எழுதினார். எடை 1,465 கிராம். ஆகஸ்டிலும் எழுதினார், செப்டம்பரிலும் எழுதினார். எதற்கும் பதில் இல்லை, எதுவும் திரும்பியும் வரவில்லை.

அற்புதத்தின் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 26.6.2024, புதன்கிழமை.