இரண்டு வாரம் என்று அப்பா சொன்னார்

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பது. காசிமேட்டில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த அப்பாவின் வலது கையிலிருந்து பை நழுவியது. குனிந்தவரால் நிமிர முடியவில்லை. மீன்கார அக்காதான் அவரைத் தாங்கிப் பிடித்து, ஆட்டோவில் ஏற்றி, எனக்குப் போன் செய்தார். "நான் வெல கொறைக்கலன்னு வுழுந்துட்டாரும்மா உங்க நைனா" என்று அழுதார். அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அப்பா ராயபுரத்தில், துறைமுகத் தொழிலாளி ஒருவரின் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். "தேசபக்தியா நைனா?" என்று கேட்டால், "மூணு வேள சோறும்மா. பக்தி அப்பறம் வந்துச்சு" என்பார்.

எண்பத்தேழில் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். அவருடைய பிரிவில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவரே. முகாமுக்காக வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்தது. பச்சை கேட் போட்ட ஒரு வீட்டில் ஓர் ஆசிரியை, இரண்டு பிள்ளைகளோடு இருந்தார்.

"எத்தனை நாளைக்குத் தம்பி?" என்று கேட்டார் அந்த டீச்சர்.

எத்தனை நாள் என்று அதிகாரி சொல்லவில்லை, அப்பா கேட்கவுமில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, "ரெண்டே வாரம்மா" என்று தானாகவே சொல்லிவிட்டார். தமிழில் சொன்னதால் டீச்சர் நம்பினார். இரண்டு வாரத்துக்கான துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு, கேட்டருகில் திரும்பி, "ஆட்டுக்குத் தண்ணி வையுங்கோ" என்று சொல்லிப் போனார்.

படை அந்த வீட்டில் இரண்டு வருடங்களுக்கு மேல் இருந்தது. அந்த மக்களைக் காப்பாற்ற வந்தோம் என்றார்கள். பிறகு ஒப்பந்தத்தைக் காப்பாற்ற என்றார்கள். கடைசியில் நாட்டின் மானத்தைக் காப்பாற்ற என்றார்கள். "காரணம் மாறிக்கினே இருந்துச்சு. நாங்கதான் அங்கயே குந்திகினு இருந்தோம்" என்பார் அப்பா. திரும்பி வராத தோழர்களின் பெயர்களை ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுவார். அவர்களை யாரும் குறைத்துப் பேச விடமாட்டார். அவருடைய கேள்வி அனுப்பியவர்களிடம்தான்.

அந்த ஆட்டைப் பற்றி மட்டும் சிரித்துக்கொண்டே பேசுவார். சமையல்காரர் கண்ணில் படாமல் அதைக் கட்டி வைத்து, தன் பங்குத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். "அமைதிய காத்தோமான்னு தெரியாது. ஆட்ட காத்தேன்" என்பார். புறப்பட்ட அன்று அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தார்.

ஓய்வுக்குப் பிறகு திருவொற்றியூரில் ஒரு கிடங்கில் காவலராக இருந்தார். எங்களைப் படிக்க வைத்தார். கடன் வாங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை, மீன் இல்லாமல் சாப்பிட்டதில்லை. நிறைவான வாழ்க்கை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மின்சார ரயிலேறி கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கை அகதிகள் முகாமுக்குப் போய்விடுவார். அங்குள்ள டீக்கடையில் உட்கார்ந்து, பச்சை கேட் வீட்டு டீச்சரைத் தெரியுமா என்று வருகிறவர்களையெல்லாம் விசாரிப்பார். "ஆட்டுக்கார ஐயா வந்திட்டார், தேத்தண்ணி போடுங்கோ!" என்று கேலி செய்வார்களாம். போனில் செய்தி அனுப்பித் தேடலாமே என்றேன். "ஆமிக்காரன் தேடறான்னா பயந்துடுவாங்கம்மா" என்று தடுத்துவிட்டார்.

என் மகன் ராணுவத் தேர்வு எழுதப்போகிறேன் என்று சொன்ன அன்று, நீங்களாவது தடுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

"இன்னாத்துக்குத் தடுக்கணும்? போவட்டும். ஆனா எங்கயாவது அனுப்பினா, ஏன் போறோம்னு மட்டும் கேட்டா பத்தாது. அதுக்கு நூறு பதில் வச்சிருப்பாங்க. எப்ப திரும்புவோம்னு கேக்கச் சொல்லு. அதுக்குப் பதில் இல்லன்னா, மொத பதிலும் டுபாகூர்தான். நான் கேக்கல. அதான் ஒரு பொம்பளகிட்ட பொய் சொல்ட்டேன்."

மகன் இன்று பயிற்சியில் இருக்கிறான். போன் அடித்தால் இன்னமும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

மருத்துவமனையில் அப்பா நான்கு நாள் இருந்தார், பேச்சில்லை. இந்த ஞாயிறு வரமாட்டார் என்று அந்த டீக்கடைக்குச் சொல்லிவைத்தேன். சனிக்கிழமை விடியற்காலை அமைதியாக இறைவனிடம் சேர்ந்தார்.

அவரைத் தாங்கிப் பிடித்த மீன்கார அக்காவுக்கும், ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், எங்களுக்கு மூன்று நாள் சோறு கொடுத்த தெருவுக்கும், திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. இன்னும் ஒருவருக்கும்.

ஞாயிறு மாலை பெட்டியை மூடுவதற்கு முன், "இன்னும் யாராச்சும் வரணுமா?" என்று வழக்கப்படி கேட்டார்கள். இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, முகாம்காரர்கள் இருவர் கைத்தாங்கலாக ஒரு மூதாட்டியை அழைத்து வந்தார்கள். ஐயா படுத்துவிட்டார், அவர் தேடியவருக்குச் சொல்லுங்கள் என்று முகாமிலிருந்து போன போன்கள் கைமாறிக் கைமாறித் திருச்சியில் மகளோடு இருந்த அவரை எட்டியிருக்கின்றன. அவர்தான் அந்த டீச்சர்.

அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். இரண்டு வாரம் என்று சொன்னதற்கு அப்பா கடைசி வரை வருந்தினார் என்றேன்.

"கோவம் இருந்ததுதான் பிள்ளை" என்றார். "நாங்கள் திரும்பிப் போகேக்க வீட்டுக்குக் கூரை இல்லை, கதவில்லை. பக்கத்து வீட்டில எங்கட ஆடு மட்டும் ரெண்டு குட்டியோட நிண்டது."

பிறகு குனிந்து, அப்பாவின் காதருகே சொன்னார்:

"தண்ணி வைச்சனீங்கள் தம்பி. எனக்குத் தெரியும்."