கப்பலுக்கு எலுமிச்சம்பழம்

"எல்லாம் ஒரே நேரத்துல வந்தா, அப்பா முதல்ல எதைச் சுடுவாரு?"

போன தசராவில் என் மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

என் கணவர் கடற்படையில் இருக்கிறார். போர்க்கப்பல் ஒன்றில் ரேடார் திரைக்கு முன்னால் உட்காரும் வேலை. பதினைந்து வருட சர்வீஸ் முடியப்போகிறது. நீட்டித்துக்கொள்ள விருப்பமா, பென்ஷனோடு வெளியே வருகிறாரா என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். என்னோடு பேசி அதை முடிவு செய்யத்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு மைசூருக்கு வந்தார். நானும் மகளும் இங்கே என் மாமனார் மாமியாரோடு இருக்கிறோம். மாமா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று போனில் கேட்கக் கூடாது. "நாளைல இருந்து டவர் இருக்காது" என்று அவர் சொன்னால் புறப்படுகிறார்கள் என்று நானாகப் புரிந்துகொள்ள வேண்டும். "சரிங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்பேன். மகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பள்ளியில் டீச்சர் அப்பா எங்கே என்று கேட்டதற்கு, "அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது மிஸ், அம்மா திட்டுவாங்க" என்றிருக்கிறாள். மறுநாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்று மெதுவாக ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். திரும்பி வரும்போதுதான், இந்த வயதில் ஒரு குழந்தையை இப்படி வாய் மூடப் பழக்கியது சரியா என்று தோன்ற ஆரம்பித்தது. எனக்கு எதுவுமே இப்படித்தான், செய்து முடித்த பிறகுதான் தோன்றும்.

அந்த விடுப்பில் ஒரு நாள், பன்னிமண்டப மைதானத்தில் தசரா ட்ரோன் காட்சி பார்க்கப் போனோம். இருட்டியதும் மைதானத்தின் கோடியிலிருந்து அவை கூட்டமாக எழும்பின. தேன்கூட்டைக் கலைத்தது போன்ற இரைச்சல். பிறகு வானத்தில் அம்பாரி யானை வந்தது, புலி வந்தது. எல்லோரும் போனை உயர்த்திப் பிடித்தார்கள். நானும் கைதட்டிக்கொண்டே அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இடது ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பழக்கம்."

மகள் அவர் மடியில் இருந்தாள். "அப்பா, இதெல்லாம் உங்க கப்பலுக்கு வந்தா?"

"சுட்டுடுவோம்."

"எல்லாத்தையும்? ஹௌதா, நிஜமாவா?"

"அங்க பாரு, மயில் வருது பாரு" என்று அவள் முகத்தைத் திருப்பிவிட்டார். அவள் மயிலைப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது என் காதில் வாயை வைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அப்பாவுக்குத் தெரியும்" என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

ஆயுத பூஜையன்று அத்தை வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் வரிசையாக வைத்துவிடுவார். அரிவாள்மணை, மிக்ஸி, மாமாவின் பழைய ஸ்பேனர்கள், என் லேப்டாப் எல்லாம் இருக்கும். வாசலில் ஸ்கூட்டர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். இந்த முறை, இவரோடு வேலை பார்ப்பவர்கள் பரிசாகக் கொடுத்திருந்த மரக் கப்பலையும் டிவி அலமாரியிலிருந்து இறக்கிச் சந்தனம் வைத்தார்.

"மரத்துக்கு எதுக்குடி ஆயுத பூஜை?" என்றார் மாமா.

"நீங்க வருஷா வருஷம் எஞ்சினுக்கு மாலை போட்டுட்டு நின்னீங்களே, நான் ஏதாச்சும் கேட்டேனா? சும்னே இருங்க."

"எஞ்சினுக்குச் சக்கரம் இருக்கு. பழம் வைக்கலாம். இதுக்கு எங்க வைப்ப?"

"நாலு பக்கமும் வைப்பேன்."

மகள் நாலு பக்கமும் நாலு பழத்தை வைத்தாள். பிறகு இன்னொன்றை எடுத்துக் கப்பலின் மேல்தளத்தில் வைத்தாள். அது உருண்டு விழுந்தது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் விழுந்தது.

"பாட்டி, மேல நிக்கவே மாட்டேங்குது. ட்ரோன் மேல இருந்துதானே வரும்?"

முதலில் சிரித்தவர் என் கணவர்தான். சிரித்துக்கொண்டே எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். சற்றுப் பொறுத்து நானும் போனேன். துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நிஜமா சொல்லுங்க. சுட்டுட முடியும்தானே?"

"முடியும். பத்து வந்தா பத்தையும் சுடலாம். அப்புறம் இன்னொரு பத்து வரும்."

"அதையும் சுடுங்க."

"இருந்தா சுடலாம். ஏவுகணை தீர்ந்துபோனா நடுக்கடல்ல நிரப்ப முடியாது. துறைமுகத்துக்குத் திரும்பி வந்து, கிரேன் வெச்சு, ஒவ்வொண்ணா கப்பலுக்குள்ள இறக்கணும்."

காஸ் சிலிண்டர் தீர்ந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதுபோல் சொன்னார். "நாங்க விடற ஒண்ணோட விலைக்கு இந்தத் தெருவையே வாங்கலாம். அவங்க அனுப்பறது அப்பாவோட ஸ்கூட்டர் விலை. அது எங்க மேல படணும்னுகூட இல்ல. எங்களைச் செலவு பண்ண வெச்சாலே அவங்களுக்கு லாபம்."

"மேல விமானம் காவலுக்கு இருக்கும்ல?"

"பறக்கிற வரைக்கும்தான் அது விமானம். இறங்கிட்டா, ஷெட்ல நிக்கிற லாரி. அதுக்கும் யாராவது காவல் நிக்கணும்."

நம்மைக் காக்கத்தான் இவ்வளவு பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கட்டியதைக் காப்பதிலேயே அவர்களுக்கு நாள் கழிகிறது. அவர் உட்காரும் அறைக்கு ஜன்னல் கிடையாது. வருவதைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார். திரையில் ஒரு புள்ளி தெரியும், அது பறவையா, வேறு ஏதாவதா என்று அவர் சொல்ல வேண்டும். அந்த அறைக்கு வெளியே நூற்றுக்கணக்கானவர்கள் சமைத்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருப்பார்கள்.

"நீ சொல்றதுதான்" என்றார். "வேணாம்னா எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். இருன்னா இருக்கேன்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்கே தெரிஞ்சா உன்னைக் கேப்பேனா?"

சாப்பிடும்போது மாமாவிடம் அவரே பேச்சை எடுத்தார். மாமா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வந்து என்ன பண்ணுவ? ஹெப்பாள்ல ஏதாவது கம்பெனி கேட்ல நின்னுக்கிட்டு, போறவன் வர்றவன் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்ப. அதுக்கா இவ்வளவு கத்துக்கிட்ட?"

"திறந்து பார்க்கட்டுமே" என்றார் அத்தை. "சாயங்காலம் ஆனா வீட்டுக்கு வந்துடுவான்ல."

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ரசத்தை எடுத்துவரப் போய்விட்டேன்.

அவர் கப்பலுக்குத் திரும்பிப் போன பிறகு தினமும் இதையே யோசிக்கிறேன். வந்துவிடுங்கள் என்று சொன்னால் வந்துவிடுவார். ஆனால் அந்த நாற்காலி காலியாக இருக்காது. அவர் வேலை கற்றுக்கொடுத்த இளைஞன் ஒருவன் அதில் உட்காருவான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவன் மனைவி என்னை அக்கா என்று கூப்பிட்டு, "அவரு போன் பண்ணாத நாள்ல நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கும் பெண். என் கணவரை அதிலிருந்து எழுப்பி, அவள் கணவரை உட்கார வைக்கப் போகிறேன். அவனுக்கு இவரளவு அனுபவமும் இல்லை. அப்படியானால் கப்பலுக்கும் நான் கெடுதல்தான் செய்கிறேன். இருங்கள் என்று சொல்லிவிட்டு ஏதாவது நடந்தால், சொன்னவள் நான். இரண்டில் எதைச் சொன்னாலும் வருவது குறையப் போவதில்லை, அதைத் தடுப்பது மலிவாகப் போவதும் இல்லை. யாருடைய வீட்டுக்குச் செய்தி வர வேண்டும் என்பது மட்டும்தான் என் கையில் இருப்பதாகத் தோன்றுகிறது. அதைத் தீர்மானிக்க நான் யார்?

அடுத்த முறை கரைக்கு வந்ததும் அவர் கூப்பிடுவார். மேலிடத்துக்குப் பதில் கொடுக்கும் முன் என்னிடம் கேட்பார். இதைப் படிக்கிறவர்களில், புருஷனுக்கோ மகனுக்கோ இப்படி ஒரு பதில் சொன்ன பெண்கள் இருப்பீர்கள். இரு என்றீர்களா, வந்துவிடு என்றீர்களா? சொன்ன பிறகு அந்த வார்த்தையோடு எப்படி நாளைக் கழிக்கிறீர்கள்? எனக்கு எழுதுங்கள். தைரியமாக இரு என்று மட்டும் எழுத வேண்டாம். அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.